எதிர்ப்பட்டறை வண்டியைப் பார்த்த பெட்டி

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில், பஸ்காரர்கள் ஆலாம்பட்டிப் பிரிவு என்று சொல்லி ஆளை இறக்கிவிடுகிற இடத்தில், ரோட்டுக்கு இக்கட்ட ஒரு கார் பட்டறையும் அக்கட்ட ஒரு கார் பட்டறையும் பதினோரு வருஷமாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில், இக்கட்டப் பட்டறைக்காரன் பொங்கியண்ணனின் டெஸ்டர் பெட்டி, அக்கட்டப் பட்டறையில் நிற்கிற வண்டியின் கோளாறைச் சொல்ல ஆரம்பித்தது. கேட்கிற நீங்கள் வாயைப் பிளக்கலாம், ஆலாம்பட்டிக்காரர்கள் யாரும் பிளக்கவில்லை. பெட்டி சொன்னது சரியா தப்பா என்பதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே பட்டறைதான். பொங்கியண்ணனும், அவன் பெண்டாட்டி துளசிமணியின் கூடப்பிறந்த தம்பி செங்கோட்டுவேலும் ஒரே டம்ளரில் டீயைப் பாதி பாதி குடித்துக்கொண்டு நடத்திய பட்டறை. ஒருநாள் ஒரு அம்பாசிடர் ஸ்டார்ட் ஆகாமல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. மச்சான் பொங்கியண்ணன் பாயிண்டில் கோளாறு என்றான், மாப்பிள்ளை செங்கோட்டுவேல் கண்டென்சரில் கோளாறு என்றான். மச்சான் டீக்குப் போன நேரம் பார்த்து மாப்பிள்ளை கண்டென்சரை மாற்றினான், மாப்பிள்ளை வெற்றிலை வாங்கப் போன நேரம் பார்த்து மச்சான் பாயிண்டை மாற்றினான், ஒருவர் மாற்றியது ஒருவருக்குத் தெரியாமல் சாவியைத் திருப்ப, வண்டி பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு கிளம்பிவிட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிய பிறகு எதில் கோளாறு இருந்தது என்று பிரம்மதேவனே இறங்கி வந்தாலும் சொல்லமுடியாது. அம்பாசிடர் அன்றைக்கே போய்விட்டது, சண்டை மட்டும் பட்டறையிலேயே தங்கிவிட்டது.

பிரிவது என்று ஆனபோது ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவன் கூறு வைப்பது, இளையவன் முதலில் எடுப்பது, அதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். பொங்கியண்ணன் நியாயவான் என்று பெயர் எடுத்தவன். ஆகவே ஸ்பேனர்களை இரட்டைப்படை நம்பர் ஒரு கூறு, ஒற்றைப்படை நம்பர் ஒரு கூறு என்று வைத்தான். அதனால் அடுத்த மூன்று மாதத்துக்கு இரண்டு பட்டறையிலும் ஒரு வண்டியைக்கூட முழுதாகப் பிரிக்கமுடியவில்லை. கடைசியாக டெஸ்டர் பெட்டி வந்தது. கோயம்புத்தூரில் மூடிப்போன ஒரு கம்பெனி ஏலத்தில் இருவரும் சேர்ந்து எடுத்த வெளிநாட்டுப் பெட்டி அது. ஆள் உயரம், நாலு சக்கரம், நெஞ்சில் வட்டமான திரை, திரைக்குக் கீழே முள் ஆடுகிற இரண்டு மீட்டர். அதன் ஒயர்களை இன்ஜினில் மாட்டினால் எந்த சிலிண்டர் எரிகிறது, எது ஏமாற்றுகிறது என்று பச்சைக் கோடு போட்டுக் காட்டிவிடும். பொங்கியண்ணன் பெட்டியை ஒரு கூறாகவும் ஒயர்க்கொத்தை ஒரு கூறாகவும் வைத்தான். இளையவன் பெட்டியை எடுப்பான், பிறகு ஒயருக்காகத் தன் காலில் வந்து விழுவான் என்பது அவன் கணக்கு. செங்கோட்டுவேல் ஒயரை எடுத்தான். அவனும் அதே கணக்குப் போட்டிருந்தான்.

அதோடு விட்டார்களா? செத்தாலும் ரோட்டைத் தாண்டி உன் பக்கம் கால் வைக்கமாட்டேன் என்று ஆளுக்கொரு சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியமும் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து பெட்டியின் தலையில் துளசிமணி ஊறுகாய் ஜாடி வைத்தாள். அக்கட்ட, ஒயர்க்கொத்து துணிக்கொடி ஆனது. முதல் சிலிண்டரில் மாட்டவேண்டிய கிளிப்பில் செங்கோட்டுவேலின் லுங்கி தொங்கிக் காற்றில் ஆடுவதை இக்கட்ட உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் பொங்கியண்ணனுக்கு வயிறு எரியும். ரோட்டைத் தாண்டி வாரத்துக்கு இரண்டு தடவை குழம்புக் கிண்ணத்தோடு போய் வந்தவள் துளசிமணி ஒருத்திதான். அவள் சூடம் அடிக்கவில்லை.

இப்படியே போயிருக்கும், மகள் கோகிலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகாமல் இருந்திருந்தால். அந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டவேண்டும், கட்டாமல் பெண் மணவறை ஏறமுடியாது. பத்திரிகை முதலில் குலதெய்வத்துக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு, பெண்ணைப் பெற்றவன் நேரில் நின்று வாய்திறந்து அழைக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் ஊர் உலகத்துக்கு. அறுநூறு பத்திரிகை அச்சடித்து வந்துவிட்டது. குலதெய்வத்துக்கு ஒன்று போனது. மீதி ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் சாக்குப்பையில் இருக்க, பையின் வாயைக் கட்டி அதன்மேல் துளசிமணி உட்கார்ந்துகொண்டாள்.

"எந்தம்பியக் கூப்புடாம இதுல ஒண்ணுகூட வெளிய போகாதுங்க. அவன் வந்து பட்டம் கட்டுலீன்னா நானும் மணவறைப் பக்கம் வரமாட்டேன். நீங்களே தாலியெடுத்துக் குடுத்து நீங்களே கண்ணத் தொடச்சுக்கங்க."

"நாஞ் சத்தியம் பண்ணிருக்கனே புள்ள."

"கால் வெக்கமாட்டன்னுதான பண்ணுனீங்க? வாயத் தொறக்கமாட்டன்னு பண்ணுலீல்ல? அந்தப் பெட்டிக்கு ஒயர் வேணும்னு ரோட்டோரமா நின்னு ஒரு கொரல் குடுங்க. அந்தச் சாக்குல பேச்சு ஆரம்பிச்சுக்கும்."

நல்ல யோசனை. பொங்கியண்ணனும் நல்ல யோசனை என்றுதான் சொன்னான். ஆனால் ரோட்டோரம் நின்று அந்த லுங்கியைப் பார்த்ததும் வந்த வழியே நடையைக் கட்டினான். திரும்பி வந்து, அவனிடம் ஒயர் கேட்பதைவிட ஒயரை நானே செய்துவிடுகிறேன் என்று பெட்டியைப் பிரித்து உட்கார்ந்துவிட்டான். பேசுவதற்காக ஒரு சாக்கைக் கொடுத்தால் பேசாமல் இருப்பதற்காக ஒன்பது நாள் உழைத்த மனுஷன் அவன்.

பெட்டிக்குள் பல்லி முட்டையும், ஒரு எலிக் குடும்பம் காலிசெய்துவிட்டுப் போன பஞ்சுமெத்தையும் இருந்தன. உப்பிப்போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டு, செத்த சீலிங் ஃபேன்களில் இருந்தவற்றை வைத்தான். ஒயருக்கு, மாரியம்மன் பண்டிகைக்கு மைக்செட் போடுகிறவனிடம் பழைய ஒயர் வாங்கினான். கிளிப்புக்கு, பழைய ரேடியோவுக்குள் இருக்கும் கறுப்புக் குச்சியை உடைத்து, மோட்டார் கம்பியைச் சுற்றி, துணி மாட்டுகிற கிளிப்பில் ஒட்டினான். ஒரு மீட்டரில் முள் இல்லை. புது விளக்குமாற்றில் ஒரு ஈர்க்குச்சியை உருவி, குங்குமம் தடவிச் செருகினான். பத்தாம் நாள் காலை, மாட்டு டாக்டரின் பழைய பத்மினி காரில் மாட்டி சுவிட்சைப் போட்டான். பெட்டி ஒரு தும்மல் போட்டது. திரையில் பச்சைக் கோடு எழுந்து ஆடியது. மூன்றாவது பிளக்கில் நெருப்பு வரவில்லை என்றது.

கழற்றிப் பார்த்தான். மூன்றாவது பிளக்கில் நெருப்பு ஜம்மென்று வந்தது. மறுநாள், கார்புரேட்டரில் தூசி என்றது. கண்ணாடி மாதிரி இருந்தது கார்புரேட்டர். மூன்றாம் நாள், பத்மினிக்கு வால்வு சரியில்லை என்று பெட்டி சொல்ல, பொங்கியண்ணன் அதன் மண்டையில் ஒரு போடு போட்டுவிட்டு பாப்பாத்தியக்கா கடைக்கு டீக்குப் போனான்.

பாப்பாத்தியக்கா இரண்டு பட்டறைக்கும் டீ கொடுக்கிறவள், ஆகவே இரண்டு பட்டறை வியாதியும் அவளுக்கு மனப்பாடம். "அக்கட்ட முந்தாநேத்து ஒரு ஆம்னி வந்துச்சு, மூணாவது பிளக்கு போச்சாம்," என்றாள். "நேத்து ஒரு ஜீப்பு, கார்புரேட்டருல தூசி. இன்னைக்கி எதோ வால்வுங்கறாங்க."

பொங்கியண்ணன் டீயை வைத்துவிட்டு எழுந்தான். ஆச்சரியம் வரவில்லை அவனுக்கு, கோபம்தான் வந்தது. "எங் கரண்டக் குடிச்சுப்போட்டு அவம் பட்டறை வண்டியப் பாக்குதுங்க்கா, துரோகி," என்றான்.

ஊர் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டது. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர், பெட்டிக்குத் தன் சொந்த ஒயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நினைப்பு இருக்கும், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்தவீட்டு நினைப்பு இருக்கிற மாதிரி என்றார். அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. மறு வாரத்திலிருந்து, வண்டியை அக்கட்ட செங்கோட்டுவேலின் பட்டறையில் நிறுத்துவது, ரோட்டைத் தாண்டி இக்கட்ட வந்து பொங்கியண்ணனிடம் கோளாறு கேட்பது, அவன் பழைய காலண்டர் தாளின் முதுகில் பென்சிலால் எழுதித் தருகிற சீட்டோடு திரும்ப ரோட்டைத் தாண்டிப் போய் வேலை பார்த்துக்கொள்வது என்று ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. பெட்டி ஓட இக்கட்ட ஒரு இன்ஜின் ஓடியாகவேண்டும் என்பதால் மாட்டு டாக்டரின் பத்மினி நிரந்தரமாகக் கட்டிப்போடப்பட்டது. "எம் வண்டி ஊருக்கு ஒழைக்குதுங்க," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு டாக்டர் மொபெட்டில் மாடு பார்க்கப் போனார். பெட்ரோல் வண்டிக்கென்று செய்த பெட்டி டீசல் லாரிக்கும் சொன்னது, தறி மோட்டாருக்கும் சொன்னது. படைவீட்டிலிருந்து ஒரு அம்மாள் கிரைண்டரைக் கொண்டுவந்து அக்கட்ட இறக்கினாள். கல்யாணத் தரகர் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கி அக்கட்ட பெஞ்சில் உட்கார்ந்த அரைமணி நேரமும், காற்று மட்டும் எக்கச்சக்கம், எரிகிற சரக்கு ஒன்றுமில்லை என்று ஈர்க்குச்சி முள் துடித்தது. ஜனங்கள் குறுக்கே போய்வந்து போய்வந்து பஸ்காரர்கள் திட்டியதால், பஞ்சாயத்தில் பேசி நடுரோட்டில் ஒரு வேகத்தடை போட்டார்கள். அந்த வேகத்தடை ஏறி இறங்கியே பாதி வண்டிகளுக்குக் கோளாறு வந்தது. இரண்டு பட்டறையிலும் நிற்க நேரமில்லை.

செங்கோட்டுவேல் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். முதல் சீட்டைப் பார்த்ததும், "இந்தக் கோழிக் கிறுக்கல ஆரு எழுதுனதுன்னு நாங் கேக்கமாட்டேன்," என்று ஊருக்குக் கேட்கும்படி சொன்னான். பிறகு சீட்டில் எழுதியிருந்ததைச் செய்தான். பத்தாவது சீட்டின் பின்னால், 'பிளக் இல்லை, பிளக் ஒயர்' என்று திருத்தம் எழுதி அனுப்பினான். பொங்கியண்ணன், 'ஒயர் என்றுதான் எழுதினேன், கண்ணாடி போட்டுப் படிக்கவும்' என்று திரும்ப அனுப்பினான். முப்பதாவது சீட்டில், 'பார்த்தேன். சரி' என்று வந்தது. அந்தச் சீட்டைப் பொங்கியண்ணன் மடித்துச் சட்டைப்பையில் வைத்ததைத் துளசிமணி பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

ஆனால் அத்தனை சீட்டிலும் பிளக்கும் வால்வும் போயினவே தவிர, கல்யாணம் போகவில்லை. முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து, உங்கள் சொந்தபந்தம் ஒருத்தருக்கும் இன்னும் பத்திரிகை வரவில்லையாமே, கல்யாணம் உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டார்கள். கோகிலா அப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே ஒரு சீட்டில், ஒரு மாருதியின் கோளாறுக்குக் கீழே, எழுத்தைப் பொடிசாக்கி, 'ஆவணி இருபத்தேழு பாப்பாவுக்குக் கல்யாணம். வரவும்' என்று எழுதி அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. 'சீட்டு அழைத்தால் சீட்டுத்தான் வரும். ஆள் அழைத்தால் ஆள் வரும். மாருதி ரெடி.'

"செரியாத்தான சொல்லிருக்கறான்," என்றாள் துளசிமணி, சாக்குப்பையின்மேல் உட்கார்ந்தபடியே.

மறுநாள் நண்பகலில், அக்கட்டப் பட்டறையில் வண்டி ஒன்றுகூட இல்லை. கிரைண்டர் இல்லை, மோட்டார் இல்லை, பெஞ்சில் ஆள் இல்லை. பத்மினி சும்மா ஓடிக்கொண்டிருந்தது, பெட்டியை அணைக்க எழுந்த பொங்கியண்ணன் திரையைப் பார்த்து நின்றான். பச்சைக் கோடு மெல்ல எழுந்தது. நல்ல ஆரோக்கியமான எழுச்சி, பாட்டரி நிறைய, பெட்ரோல் நிறைய, நெருப்பும் நல்ல நெருப்பு. இதோ பிடித்துக்கொள்ளும், இதோ கிளம்பிவிடும் என்கிற இடத்தில் சட்டென்று விழுந்து படுத்துவிட்டது. கொஞ்சநேரம் பொறுத்து மறுபடி எழுந்தது, அதே இடத்தில் மறுபடி விழுந்தது. முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு கோளாறை அவன் பார்த்ததில்லை. எந்த வண்டியடா இது என்று தலையைத் தூக்கி ரோட்டுக்கு அக்கட்டப் பார்த்தான்.

செங்கோட்டுவேல் ஸ்டூலிலிருந்து எழுந்தான். லுங்கியை இறக்கிவிட்டு, தலையைத் தடவி, நாலு எட்டு வைத்து ரோட்டின் ஓரத்துக்கு வந்தான். வாயைத் திறந்தான். மூடினான். திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். திரையில் கோடு விழுந்தது. மறுபடி எழுந்தான், கோடும் எழுந்தது.

பொங்கியண்ணன் அந்த மத்தியானம் அதை ஏழு தடவை பார்த்தான். ஏழாவது தடவை கோடு விழுந்தபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாக அந்தக் கொடியில் தொங்கிய லுங்கியை மட்டும் பார்த்திருக்கிறோமே, கட்டியிருந்தவனைப் பார்க்கவில்லையே என்று வாய்விட்டே சொன்னான். காலண்டர் தாளைக் கிழித்தான். எழுதினான். கொண்டுபோக வண்டிக்காரர் யாரும் இல்லாததால் டீக்கடையில் கொடுத்தான். தன் கைக்கு வருகிற எந்தச் சீட்டையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் அக்கட்ட அனுப்புவது பாப்பாத்தியக்காவின் வழக்கம்.

"பாட்டரி நல்லா இருக்குது," என்று படித்தாள் அவள். "பெட்ரோல் இருக்குது. நெருப்பு இருக்குது. கெளம்புது, ஆனா ரோட்டோரம் வந்ததும் நின்னுருது." அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "இக்கட்ட இருக்கற வண்டிக்கும் இதே கோளாறுதான். என்ன பண்றதுன்னு தெரியிலீங்க. இப்படிக்குப் பொங்கியண்ணன்."

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த பதினைந்து பேரும் அக்கட்டப் பார்த்தார்கள், இக்கட்டப் பார்த்தார்கள். ஒரு லாரி டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இதுல தெரியறதுக்கு என்னங்க இருக்குது? எல்லாம் நல்லாருந்தும் வண்டி கெளம்புலீன்னா தள்ள வேண்டியதுதான?"

அதுதான் அந்த ரோட்டில் எல்லோரும் அறிந்த வைத்தியம். ஏழு பேர் அக்கட்டப் போனார்கள், எட்டுப் பேர் இக்கட்ட வந்தார்கள், ஏனென்றால் பொங்கியண்ணன் கனமான ஆள். முதுகில் கையை வைத்து, குனிந்து, காலை ஊன்றி, அம்பாசிடரைத் தள்ளுகிற மாதிரியே தள்ளினார்கள். பொங்கியண்ணன் குதிகாலை ஊன்றிப் பார்த்தான். "சத்தியமுங்க, சத்தியமுங்க," என்று கத்தினான். "ஹேண்ட் பிரேக்க எடுங்கண்ணா," என்றார் லாரி டிரைவர். எதிரே செங்கோட்டுவேல், "உடுங்கய்யா, லுங்கி அவுருது," என்று கத்திக்கொண்டு வந்தான். நடுரோட்டில், வேகத்தடையின்மேல், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இவன் கால்விரலும் அந்தப் பக்கம் அவன் கால்விரலும் வந்து நின்றதும் ஊர் தள்ளுவதை நிறுத்தியது. அவரவர் பக்கத்தில்தான் அவரவர் நின்றார்கள். சத்தியத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அரை முழ தூரத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். மாப்பிள்ளைக்குக் காதோரம் நரைத்திருப்பதை மச்சான் பார்த்தான். திருச்செங்கோட்டு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது, பின்னால் ஒரு லாரி அடித்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு அழைக்கிற வார்த்தையை ஒரு மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்த பொங்கியண்ணனுக்கு அது ஒன்றும் வாயில் வரவில்லை.

"சாப்புட்டயா மாப்ள?" என்றான்.

செங்கோட்டுவேலின் முகம் குழந்தை முகம் மாதிரி கோணிக்கொண்டது. "இல்லீங்க மச்சான்," என்றான். "இன்னும் இல்லீங்."

அதற்குள் துளசிமணி சாக்குப்பையை விட்டு எழுந்துவிட்டாள். ஒரு கையில் பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கும் மஞ்சள் தடவிய பத்திரிகையும், இன்னொரு கையில் சோற்றுப் போசியுமாக வந்து, வேகத்தடையின்மேல் வெள்ளைக் கோட்டுக்கு நடுவாக வாழையிலையை விரித்தாள். யாரும் யார் பக்கமும் போகவேண்டாம், இங்கேயே உட்கார் என்றாள். செங்கோட்டுவேல் உட்கார்ந்தான். பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். சாப்பிடுகிற மனுஷன் முன்னால் ஹாரன் அடிக்கக்கூடாது என்று அவருக்குப் பட்டது, இன்ஜினை அணைத்தார். பின்னால் லாரிக்காரர் அணைத்தார். அதற்குப் பின்னால் வேன், கார், மொபெட் என்று ஒவ்வொன்றாக, எதிர்ப்புறத்திலும் ஒவ்வொன்றாக அணைந்தன. மாட்டு டாக்டர் வந்து பத்மினியையும் அணைத்தார். பெட்டியின் திரை இருண்டது, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தனை இன்ஜினும் அடங்கிய அந்த ரோட்டில் செங்கோட்டுவேல் சோறு பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாம் சோறு வாங்கிக்கொண்டான். மூன்றாவது வாய் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"பாப்பாவுக்குப் பட்டங் கட்ட எத்தன மணிக்கு வரோணுமுங் மச்சான்?"

பொங்கியண்ணன் அவனுக்கு எதிரே, தன் பக்கத்து ரோட்டில், சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "நீ எப்ப வாறயோ அப்பத்தான் மாப்ள முகூர்த்தம்," என்றான். லாரி டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸுக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"முகூர்த்தம் காத்தால ஆறுலருந்து ஏழரை," என்றாள் துளசிமணி, தம்பியின் இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே. "நீயி நாலு மணிக்கே மண்டபத்துக்கு வந்துரு. உங்க மச்சான் சொல்றதக் கேட்டுட்டு மெதுவா வராத."